பள்ளி ரிப்போர்ட் கார்டில் 'வளர்ச்சி' என்று ஒரு எண் இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் பலர் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: மாநிலத் தேர்வில் எத்தனை சதவீதம் மாணவர்கள் தேர்ச்சி நிலையை எட்டினார்கள் என்பது. பெரும்பாலான மாநிலங்களில், ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் வெளியாகும் அதே ரிப்போர்ட் கார்டில் 'வளர்ச்சி' என்று இன்னொரு எண்ணும் இருக்கும். ஒரு பள்ளி தன்னிடம் வந்த பிள்ளைகளை எவ்வளவு தூரம் முன்னே கொண்டுபோனது என்பதை இந்த இரண்டாவது எண்தான் கொஞ்சமாவது சொல்கிறது. விளக்க ஆளில்லாததால் பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேர்ச்சி சதவீதம் பொய் சொல்வதில்லை, ஆனால் அது சொல்வதில் பாதி பள்ளியைப் பற்றியதே இல்லை. மாநிலத் தேர்வு தொடங்குவது 3-ஆம் வகுப்பில். அதற்குள் பிள்ளைக்கு எட்டு வயது ஆகியிருக்கும், வீட்டு வருமானம், ப்ரீஸ்கூலுக்குப் போனதா இல்லையா, வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், எத்தனை புத்தகம் கையில் கிடைத்தது என்று எல்லாமே அந்த மதிப்பெண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். அதை முழுக்கப் பள்ளியின் கணக்கில் எழுதினால் வசதியான பகுதியில் இருக்கும் பள்ளி பெரிதாக எதுவும் செய்யாமலே நல்ல பெயர் வாங்கிவிடும், ஏழைப் பகுதியில் உயிரைக் கொடுத்து வேலை செய்யும் பள்ளிக்குத் தோற்ற பள்ளி என்ற முத்திரை விழும். சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 3-ஆம் வகுப்பு மதிப்பெண் நாட்டுச் சராசரிக்கு நன்றாகவே கீழே இருந்தது, ஆனால் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி 3-ஆம் வகுப்பிலிருந்து 8-ஆம் வகுப்பு வரையிலான 5 ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் சுமார் 6 ஆண்டுக்கான கற்றலைப் பெற்றிருந்தார்கள். தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இந்தச் சிக்கல் கூட்டரசுச் சட்டத்திலேயே இருந்தது. 2002-இல் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், 2014-க்குள் எல்லா மாணவர்களும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எங்கிருந்து தொடங்கினார்கள் என்று கேட்கவில்லை. 2005-இல் கல்வித் துறை ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கி, சில மாநிலங்கள் வளர்ச்சியையும் கணக்கில் சேர்க்க அனுமதித்தது. முதலில் ஒப்புதல் பெற்றவை டென்னசியும் வட கரோலினாவும். டென்னசிக்கு இது புதிதும் இல்லை, வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய முறையை 1990-களிலிருந்தே அந்த மாநிலம் பயன்படுத்தி வந்தது.

இப்போது நடப்பில் இருப்பது 2015 டிசம்பரில் வந்த 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்' சட்டம், சுருக்கமாக எஸ்ஸா. 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் வாசிப்பு, கணிதத் தேர்வுகள் கட்டாயம். வளர்ச்சியை அளப்பது கட்டாயம் இல்லை, ஆனால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குத் தேர்ச்சியைத் தவிர இன்னொரு கல்விக் குறியீடு வேண்டும் என்று சட்டம் சொல்வதால் பெரும்பாலான மாநிலங்கள் அந்த இடத்தில் வளர்ச்சியை வைத்துக்கொண்டன. எந்த முறையில் அளப்பது என்பது மாநிலத்தின் முடிவு. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

அதிகம் கண்ணில் படுவது வளர்ச்சிச் சதமானம். கொலராடோவில் உருவாகி மாசசூசெட்ஸ் உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. கடந்த ஆண்டுகளில் உங்கள் பிள்ளையைப் போலவே மதிப்பெண் எடுத்து வந்த மாணவர்களை மாநிலம் முழுவதிலிருந்தும் எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு அவர்களில் எத்தனை சதவீதம் பேரை உங்கள் பிள்ளை தாண்டியது என்று பார்ப்பார்கள். சதமானம் 70 என்றால் அப்படிப்பட்ட 100 பேரில் 70 பேரைவிட அதிகம் முன்னேறியிருக்கிறது என்று பொருள். அது மதிப்பெண் 70 இல்லை. 35 வந்தால் ஃபெயிலும் இல்லை. பள்ளிக்கு என்று வரும்போது எல்லாப் பிள்ளைகளின் சதமானத்துக்கும் இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) அல்லது சராசரி எடுப்பார்கள். 50-ஐ ஒட்டி இருந்தால் மாநிலத்தின் வழக்கமான வேகம், 60-ஐத் தாண்டினால் நிஜமாகவே கவனிக்க வேண்டிய பள்ளி.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. இது ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது, அதனால் மாநிலம் முழுக்கப் படிப்பு சரிந்தாலும் யாராவது 50-க்கு மேலே இருந்துகொண்டேதான் இருப்பார்கள். ரொம்பப் பின்தங்கிய பிள்ளைக்கு 60 வந்தாலும் அந்த வேகத்தில் போனால் 8-ஆம் வகுப்புக்குள் தேர்ச்சி நிலையைத் தொடுமா என்பது தனிக் கேள்வி. அதற்குத்தான் சில மாநிலங்கள் இலக்கு நோக்கிய வளர்ச்சியை அளக்கின்றன: இன்னும் இத்தனை ஆண்டில் தேர்ச்சியை எட்டும் பாதையில் பிள்ளை இருக்கிறதா என்பது கணக்கு. டென்னசி, ஓஹையோ, பென்சில்வேனியா மாநிலங்கள் பயன்படுத்தும் கூட்டுமதிப்பு முறை வேறு வகை. பழைய மதிப்பெண்களை வைத்து என்ன எதிர்பார்க்கலாம் என்று கணித்து, அதற்கு மேலே போனார்களா கீழே போனார்களா என்று பார்க்கும். இதைப் பள்ளி அளவில் ஏற்றுக்கொள்கிறேன், தனி ஆசிரியரின் வேலையை முடிவுசெய்யப் பயன்படுத்துவதை ஏற்க முடியவில்லை. மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியருக்கு உரிய பங்கு 1 முதல் 14 சதவீதம்தான் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்வதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் எழுதியது.

ஃபுளோரிடாவில் பள்ளிக்குத் தரும் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடைக் கணக்கிடும்போது எல்லா மாணவர்களின் முன்னேற்றத்தோடு, கடைசி 25 சதவீத மாணவர்களின் முன்னேற்றத்தையும் தனியாகச் சேர்க்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விதி, ஏனென்றால் கடைசி வரிசைப் பிள்ளையை மறந்துவிட்டு நல்ல கிரேடு வாங்குவதைக் கடினமாக்குகிறது. டெக்சஸில் சாதனை, முன்னேற்றம் இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்து 70 சதவீத எடை தருவார்கள், மீதி 30 சதவீதம் மாணவர் பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதற்கு. ஆகவே டெக்சஸில் ஒரு பள்ளிக்கு ஏ கிடைத்திருக்கிறது என்றால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

இன்னொரு இடத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. கலிஃபோர்னியா மாநிலம் பள்ளிகளை வண்ணம் கொடுத்து மதிப்பிடும் டேஷ்போர்டு என்ற இணையதளத்தில், அந்த வண்ணத்தைத் தீர்மானிப்பதில் சேரும் 'மாற்றம்' வளர்ச்சி ஆகாது. அது இந்த ஆண்டுப் பிள்ளைகளையும் போன ஆண்டுப் பிள்ளைகளையும் ஒப்பிடுகிறது, ஆள்களே வேறு. வளர்ச்சி என்றால் அதே பிள்ளையைப் பின்தொடர வேண்டும். அப்படிப் பின்தொடர இரண்டு தேர்வாவது வேண்டும் என்பதால் 3-ஆம் வகுப்போடு முடியும் பள்ளிக்கு வழக்கமான முறையில் வளர்ச்சி எண்ணே வராது. 2020-இல் கோவிட் காரணமாகத் தேர்வு நடக்காததால் 2021-இல் வழக்கமான கணக்கைப் போட முடியாமல் போனதும் இதனால்தான். அப்புறம், சின்னப் பள்ளிகளின் எண் ஆண்டுக்கு ஆண்டு தாவும், எனவே ஒரு வருடத்தை நம்பாமல் மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். பள்ளியில் சேர்க்கும்போது நிரப்பும் வீட்டுமொழிப் படிவத்தை வைத்து ஒரு தேர்வு நடத்தி, உங்கள் பிள்ளையை ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் சேர்க்கலாம். அதில் பயப்பட எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் ஆங்கில முன்னேற்றத்தை எல்லா மாநிலங்களும் கட்டாயம் அளக்க வேண்டும் என்று எஸ்ஸா சொல்கிறது, பள்ளியின் மதிப்பீட்டிலும் அது சேரும்.

ரிப்போர்ட் கார்டு பொதுவில் வெளியாக வேண்டும், முடிந்த அளவு பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பள்ளியின் மொத்த எண்ணோடு நிற்காமல், குறைந்த வருமானக் குடும்பங்கள், மாற்றுத்திறன் மாணவர்கள், ஆங்கிலம் கற்பவர்கள் என்று பிரித்துக் காட்டும் பக்கத்தையும் திறந்து பாருங்கள். ஏழைப் பகுதிகளுக்கான டைட்டில் 1 நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தை மாநிலம் 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது அடையாளம் காண வேண்டும், அந்தப் பள்ளிகளுக்கான மேம்பாட்டுத் திட்டத்தைப் பள்ளி மாவட்டம் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருந்தால், கூட்டம் எப்போது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், வளர்ச்சி எண் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் சரிந்தது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.