அனியூரிசம்: வீக்கமா, புடைப்பா?

"குழந்தைக்கு மூளை நரம்பில் வீக்கம்" என்று டாக்டர் சொன்னால் வீட்டார் காதில் விழுவது பெரும்பாலும் 'கட்டி'. அவர் சொல்ல வந்தது அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் ஓரிடத்தில் உப்புவது. அது கட்டியும் இல்லை, நரம்பும் இல்லை. பெயருக்குள் நரம்பைக் குறிக்கும் 'நியூரோ' ஒலிப்பது தற்செயல். கிரேக்கத்தில் 'எவுரிஸ்' என்றால் அகலம். 'அனெவுரிஸ்மா' என்றால் அகன்று விரிந்தது. அவ்வளவுதான்.

"கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்" என்கிறோமே, அங்கே புடைப்பது ரத்தக்குழாய். நமக்கு வேண்டிய சொல்லும் அந்தப் பேச்சிலேயே கிடக்கிறது. வீக்கம் என்றால் மாத்திரையில் வடியும் என்ற நினைப்பு வரும். இது வடியாது. தேய்ந்த டயரின் கிழிசலில் டியூப் பிதுங்குவதுபோல, சுவர் நலிந்த இடத்தில் தமனி புடைக்கிறது. வெடித்தால் மண்டைக்குள் ரத்தக்கசிவு. 'நாளப் புடைப்பு' எனலாமே என்றால், இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்பது சிரை. தமனிக்கு அங்கே நாடி. ஆகவே இங்கே தமனிப் புடைப்பு, அங்கே நாடிப் புடைப்பு.

புடைப்பின் வடிவத்துக்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் அறுவை அதைப் பொறுத்தது. பைபோலத் தொங்கும் 'பை'ப் புடைப்புக்குக் கழுத்து உண்டு. 1937இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி வெள்ளிக் கிளிப்பால் நெரித்தது அந்தக் கழுத்தைத்தான். நூற்கும் கதிரான தக்ளியில் நூல் சுற்றியதுபோல தமனியே நெடுக உப்பியிருந்தால் அது கதிர்ப் புடைப்பு. கிளிப் போடக் கழுத்தே கிடையாது. குழந்தைகளிடம் இவ்வகையும், 25 மி.மீ.க்கு மேற்பட்ட பெரும்புடைப்பும் பெரியவர்களைவிட அதிக விகிதத்தில் வருகின்றன. அப்போது சிலருக்கு பைபாஸ்: காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தத் தமனியை மூளைத் தமனியோடு தைத்து, ரத்தத்துக்கு மாற்றுவழி தந்தபின் புடைத்த பகுதியை அடைப்பார்கள். 10 கிலோ குழந்தையின் உடலில் ரத்தம் மொத்தமே சுமார் 800 மி.லி. கைதவறச் சற்றும் இடமில்லை.

இன்னொரு பெயர் மருத்துவர்களே வைத்த வம்பு. 1885இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் ஒருவகைப் புடைப்பை 'மைக்காட்டிக்' என்றார். காளான், பூஞ்சையோடு தொடர்புடைய சொல். உண்மையில் காரணம் பெரும்பாலும் பாக்டீரியா: இதய வால்வில் தொற்றுள்ள குழந்தைக்கு அங்கிருந்து கிருமித் துணுக்கு மூளைத் தமனியில் போய் ஒட்டுகிறது. இதைப் 'பூஞ்சைப் புடைப்பு' என்று பெயர்ப்பது பிழையை வாங்கிப் பத்திரப்படுத்துவது. தொற்றுப் புடைப்பு என்றால், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறுவது எதற்கு என்றும் தாய்க்குப் புரியும்.