அல்ட்ரூயிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

தனக்கு இழப்பு வந்தாலும் பரவாயில்லை என்று இன்னொருவருக்கு நன்மை செய்வதுதான் அல்ட்ரூயிசம். பழைய லத்தீன் சொல் போல ஒலித்தாலும் இதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1850களின் தொடக்கத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகுஸ்த் கோந்த் உருவாக்கியது. 'பிறர்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல் 'ஆல்ட்ரூயி'. அதற்கு வேர் 'மற்றவர்' என்னும் லத்தீன் 'ஆல்டெர்'.

அன்பு, ஈகை போன்ற சொற்கள் ஏற்கெனவே இருந்தனவே, புதிதாக ஒன்று எதற்கு? அறத்தை இறையியலிலிருந்து பிரித்து அறிவியலின் மேல் நிறுத்தப் பார்த்தார் கோந்த். தன்னலம் போலவே பிறர்மேல் அக்கறையும் மூளையில் பிறவியிலேயே உண்டு, சமூகம் வளர வளர அது ஓங்கும் என்பது அவர் கணக்கு. இதற்கு அவர் துணைக்கு அழைத்தது, ஒவ்வொரு குணத்துக்கும் மூளையில் ஓரிடம் உண்டு என்ற ஃபிரெனாலஜியை! அந்தத் துறை பொய்த்துப்போனது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அப்புறம் உயிரியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, எண்ணம் என்பதையே கழற்றிவிட்டார்கள். தன் சந்ததிக்கான வாய்ப்பைக் குறைத்துப் பிறிதோர் உயிரின் வாய்ப்பைக் கூட்டினால் போதும், மனசு தேவையில்லை. கூட்டைக் காக்கக் கொட்டிவிட்டுச் சாகும் வேலைக்காரத் தேனீயும் இதில் சேர்த்தி. உறவினர் பிழைத்தால் பொதுவான மரபணுக்களும் பிழைக்கும் என்று 1964இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவில்லாதவர்களிடையே? இன்று நான் உதவினால் நாளை நீ உதவுவாய் என்ற முறையை 1971இல் அமெரிக்க உயிரியலாளர் டிரிவர்ஸ் விளக்கினார். ரத்தம் குடிக்கும் வவ்வால்கள் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். வயிறு நிறைந்த வவ்வால், பசித்த கூட்டாளிக்குக் கக்கி ஊட்டுகிறது. முன்பு தனக்கு ஊட்டிய வவ்வாலுக்கே அது பெரும்பாலும் ஊட்டும்.

இதெல்லாம் அறவுணர்வு எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லும். எது சரி என்ற தீர்ப்பை இதிலிருந்து நேராகக் கறந்துவிட முடியாது.

சரி, தமிழில்? 'பொதுநலம்' பொருந்தாது, அது ஊருக்கெல்லாம் உரிய நன்மை. 'தன்னலமின்மை' எது இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. 'ஒப்புரவு' அழகான சொல். ஆனால் 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று குறள் அதைத் தொடங்குவதால் வவ்வாலுக்கு ஒட்டாது. 'தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர்' இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்கிறது புறநானூற்றின் 182ஆம் பாட்டு. கோந்தின் வேர்ச்சொல்லும் அதே 'பிறர்'தான். ஆகவே என் தேர்வு 'பிறர்நலம்'. ஆளைக் குறிக்க 'பிறர்நலப் பண்பாளர்'. டிரிவர்ஸ் சொன்ன வகைக்குக் 'கைம்மாற்றுப் பிறர்நலம்' எனலாம். கைமாற்றாக வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே.