கவர்வழி: ‘மேஸ்’ என்ற சொல்லைப் பற்றி

தைப்பூசத்தன்று வன்னியில், ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டில் நின்றேன். வயலில் முதல் விளைந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் புதிர் எடுத்து, புதுநெல்லுச் சோறும் சாப்பிட்டாயிற்று. விறாந்தையில் மருமகள் குந்தியிருந்து சித்திரக் கொப்பியில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை கீறுறாய்?”

“மேஸ், அம்மம்மா.”

“மேசையோ? நாலு காலைக் காணேல்ல.”

சிரித்து முடிந்ததும் அவள் என்னிடம் திரும்பினாள். “மாமா, இதுக்குத் தமிழில என்ன?” பள்ளிக்கூடத்துச் சித்திரக் கண்காட்சிக்காம். படத்துக்குக் கீழே தமிழில் பெயர் எழுத வேண்டுமாம். எனக்கு உடனே வாயில் வரவில்லை. அந்த வெட்கத்தில் எழுதுவதுதான் இது.

பொருளை எல்லாரும் அறிவோம். சிறுவர் பக்கங்களில் முயலைக் கரட்டிடம் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்களே, அதுதான். உள்ளே போக ஒரு வாசல், போய்ச் சேர ஓர் இடம், நடுவில் பிரிந்து பிரிந்து ஓடும் ஒழுங்கைகள். பலவும் அடைபட்டவை. ஒன்று மட்டும் போய்ச் சேரும்.

ஆங்கிலத்தில் மேஸ் (maze) என்ற சொல் முதலில் வழியைக் குறிக்கவில்லை. ஏறக்குறைய 1300 அளவில் அதன் பொருள் மதிமயக்கம், திகைப்பு. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் திகைக்க வைக்கும் வழிக்கூட்டத்துக்கு அது பெயரானது. வியப்பைச் சொல்லும் ‘அமேஸ்’ அதற்கு உடன்பிறப்பு. ஆக, மனநிலைக்கு இருந்த பெயர் இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு சொல் ‘லபிரிந்த்’. கிரேக்கத்தின் வழியாக வந்தது, ஆனால் கிரேக்கத்துக்கும் முந்திய மொழியொன்றின் எச்சம் என்பார்கள். கிரீட் தீவில் மினோஸ் மன்னனுக்காகத் தெய்டலஸ் என்ற கைவினைஞன் கட்டியதாகக் கதையில் வரும் கட்டடம் அது. உள்ளே போன வீரன் தீசியஸ் திரும்பி வர, மன்னன் மகள் அரியாட்னி ஒரு நூலுருண்டை கொடுத்துவிட்டாள். நூலுருண்டைக்கு இருந்த பழைய ஆங்கிலச் சொல்தான் இன்று துப்பு என்ற பொருள் தரும் ‘க்ளூ’. நாமும் ஒருவரின் மனதை அறிய நூல் விட்டுப் பார்க்கிறோம். கதையில் ஆள் தொலைந்துபோகிறான், ஆனால் பழைய சித்திரங்களில் தொலைய வழியே இல்லை. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனை கி.மு. 1200 அளவில் எரிந்தபோது சுடுபட்டுப் பிழைத்த களிமண் பலகை ஒன்றின் பின்புறத்தில் இந்த வடிவம் கீறப்பட்டிருக்கிறது. ஒரே வழி, கிளை இல்லை, வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும். பிரான்சில் ஷார்த்ர் தேவாலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்ததும் அப்படியே.

இன்று பலர் ஏற்கும் பிரிவு இதுதான்: லபிரிந்துக்கு ஒரே வழி, நடந்தால் போதும். மேஸில் வழிகள் பிரியும், தெரிவு செய்ய வேண்டும். தமிழில் பெயர் தேடுகிறவர்கள் இரண்டையும் ஒரே கடகத்துக்குள் போட்டுவிடுவதால்தான் பாதிச் சிக்கல்.

முதலாவதுக்கு நம்மிடமே பொருளும் உண்டு, பெயரும் உண்டு. தமிழகத்தில் பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கல்லடுக்கித் தரையில் அமைத்த பழைய சுருள்கள் இருக்கின்றன. ஊரார் வாயில் வரும் பெயர் ஏழுசுற்றுக் கோட்டை. கர்நாடகத்தின் ஹளபேடு கோயிலின் சிற்பத்தில் அபிமன்யு அகப்பட்ட சக்கரவியூகமும் இதே மாதிரிச் சுருள்தான். கதைப்படி அவனுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. லபிரிந்துக்குச் சுற்றுக்கோட்டை என்றே சொல்லலாம், புதுச்சொல் தேவையில்லை.

மேஸுக்குத்தான் தட்டுப்பாடு. புதிர்வழி, புதிர்ப்பாதை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விளங்கும், பிழையில்லை. ஆனால் வன்னியில் புதிர் என்றால் விடுகதைக்கு முன்னால் நெல்லுத்தான் நினைவுக்கு வரும். அன்று மருமகளுக்கு அதைச் சொல்லிப் பார்த்தேன். “வயலுக்குப் போற வழியோ, மாமா?” என்றாள். சிக்கல்வழி என்றும் சொல்லலாம். ஆனால் சிக்கு என்றதும் சிக்குக்கோலம் வந்து நிற்கும். அதில் கம்பி புள்ளிகளைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கும். வாசலும் இல்லை, தெரிவும் இல்லை. அழகு வேறு, இது வேறு.

திகை என்பது நல்ல சொல். காட்டில் திகைப்பூண்டை மிதித்தவனுக்கு வழி தப்பும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. பழந்தமிழில் திகை என்பது திசைக்கும் பெயர். ஒரே சொல்லில் திசையும் உண்டு, திசை கெட்ட நிலையும் உண்டு. திகைவழி என்றால் ஆங்கிலச் சொல்லின் பழைய மனநிலைப் பொருளுக்கு நேரே போய் நிற்கும். நெடுநாள் நான் இதிலேயே நின்றேன்.

பிறகுதான் கவலை கண்ணில் பட்டது. சங்கத் தமிழில் கவலை என்றால் வழிகள் பிரியும் இடம், கவர்த்த வழி. கவர்விட்ட தடி, கவட்டை என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தக் குடும்பம். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் பாதை சிவனுடைய சூலம் போல மூன்றாகக் கவர்க்கிறது. மனத்துயருக்கும் கவலை என்றே பேர். வேரைப் பற்றி வாதாடுவோர் வாதாடட்டும். இரண்டு வழி பிரியும் இடத்தில் நிற்பவனுக்கு இரண்டாவது பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சங்க நூலான மலைபடுகடாத்தில் இதற்கு ஒரு வைத்தியமும் இருக்கிறது. நன்னன் என்ற மன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறவர், முன்பின் அறியாத நாட்டில் பாதைகள் கூடும் சந்துகளைத் துடைத்து, அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். பாலப்பழத்துக்குக் காட்டுக்குள் போன எங்களுக்கு ஐயா சொன்னதும் வேறல்ல: “கவர் வாற இடத்தில குழை முறிச்சுப் போட்டிட்டுப் போங்கோ. வரேக்க அதைப் பாத்து வரலாம்.” பாலையும் வீரையும் நெருங்கிய காட்டில் எல்லாத் தடமும் மனிசர் போட்டதல்ல. மாடு போட்டது, பன்றி போட்டது, யானை போட்டது எல்லாம் கலந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் திரெமோ என்ற பிரெஞ்சுக்காரர் மேஸிலிருந்து வெளியேற வகுத்த முறையும் குறி போடுவதுதான். ஒரு வழியால் போனால் ஒரு குறி, அதே வழியால் திரும்பினால் இன்னொன்று. இரண்டு குறி விழுந்த வழிக்குள் மறுபடி கால் வைக்கக்கூடாது. ஐயாவின் குழைக்கு அவர் கணக்குச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனிக் கீறுவதற்கு வருகிறேன். மேஸ் கீறுகிறவர் கீறுவது பாதையை அல்ல, வேலியை. பாதை என்பது கீறாமல் விட்ட வெள்ளைத் தாள். அம்மா ‘மேஸ்’ என்றதை மேசன் வேலை என்று கேட்டிருந்தாலும் பிழையில்லை, சுவர் எழுப்புவதுதானே. கை பழகியவர்கள் முதலில் சரியான வழியைப் பென்சிலால் மெல்லப் போட்டுக்கொள்வார்கள். அதிலிருந்து பொய்க்கிளைகளை விடுவார்கள். கிளை சட்டென்று முடிந்தால் ஏமாற்று எடுபடாது. நீண்டு போய், சேரவேண்டிய இடத்தின் முதுகைத் தொட்டுவிட்டு அடைபட வேண்டும். வேலிகள் எல்லாம் வெளிவேலியோடு தொடுத்திருந்தால், வலக்கையைச் சுவரில் வைத்தபடி நடப்பவன் எப்படியும் வெளியே வந்துவிடுவான். அவனை மறிக்க நடுவில் ஒரு வேலியைத் தனித்தீவாக விட்டு, அதற்குள் இலக்கை வைத்தால் போதும். பேனையால் கீறினால் றப்பருக்கு வேலையில்லை. ஒரு கோடு தவறி வாய் திறந்துவிட்டால், அந்தத் திறப்பையே புதுக் கிளையாக்க வேண்டியதுதான். கணினி நொடியில் ஆயிரம் மேஸ் தரும், ஆனால் அந்தத் தடுமாற்றம் அதில் இராது. கோடுகளை ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் தளர்த்தியும் போட்டால், தள்ளிநின்று பார்க்கும்போது நிழலும் வெளிச்சமும் எழும்பி முகமோ மரமோ தெரியும். அங்கேதான் இது விளையாட்டைத் தாண்டிச் சித்திரமாகிறது. ஜப்பானில் ஒருவர் ஒரே பெரிய தாளில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கீறியிருக்கிறார். பல காலம் கழித்து மகள் அதைப் படமெடுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் கண்டது.

மருமகளின் படத்தில் குளமொன்று இருந்தது. அலைகரையைச் சுற்றி ஒழுங்கைகள், நடுவில் ஒரு கொக்கு. தொடக்கத்தில் மாங்குளம் சந்தி என்று எழுதியிருந்தாள். நான் கவலை என்று எழுதச் சொன்னேன். அம்மா விடவில்லை. “பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் வைக்கிற படத்துக்குக் கவலை எண்டு பேர் வைக்கிறதோ?” என்றார். இன்றைய காதுக்கு அது துயரம்தான், மறுக்க முடியாது. அதனால் வேரை மட்டும் எடுத்துக்கொண்டோம்: கவர்வழி. கவர்க்கும் வழி, வினைத்தொகை. கீறுகிறவரைக் கவர்வழி கீறுபவர் என்றே சொல்லிவிடலாம், ‘கலைஞர்’ என்று நீட்ட வேண்டாம்.

கண்காட்சி முடிந்து தொலைபேசியில் கேட்டேன். வகுப்பில் சிரித்தார்களாம். கவர் என்றால் கடிதம் போடுகிற கவரோ என்று.