ஜாய்ஸ்டிக் வழியே நுழையும் நிலைமின்சாரம்: வீட்டு ஆர்கேட் பெட்டியில் பழுது கண்டறியும் முறை

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி போர்டை மரப்பெட்டிக்குள் பொருத்தி, ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் இணைத்து, 1997-இல் வெளிவந்த மேம் மென்பொருளின் துணையுடன் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை வீட்டிலேயே ஆடுவோர் பலர் உண்டு. ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் கம்பளத்தின்மேல் நடந்து வந்த ஒருவர் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் சுரீரென்று ஷாக் அடித்து, அதுவரை நன்றாக ஓடிய விளையாட்டு அப்படியே நின்றுவிடுவதுண்டு. போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்குவது பெரும்பாலும் அவசரப்படுவதே ஆகும். மின்னோட்டம் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டே சென்றால், பழுது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மனித உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும் 1,500 ஓம் மின்தடையாகவும் கொண்டு சிப்களின் தாங்குதிறனைச் சோதிப்பது வழக்கம். அந்தக் கணக்கில், 8,000 வோல்ட் ஏறிய உடலில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 3 மில்லிஜூல்தான். ஆயினும் அது ஒரு மைக்ரோநொடிக்குள் வெளியேறிவிடுவதால், உச்சத்தில் 5 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் பாய்கிறது. சிப்பிலுள்ள டிரான்சிஸ்டரின் கேட் எனும் கட்டுப்பாட்டு முனைக்கு அடியில் இருக்கும் சிலிக்கன் டை ஆக்சைடு படலமோ, ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே தாங்கும். இதற்காகவே சிப்பின் இணைப்பு முனையான ஒவ்வொரு பின்னிலும், மிகை மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் காப்பு டையோடுகள் வைக்கப்படுகின்றன. ஆனால் அவை போர்டைத் தயாரிக்கும்போது நேரும் சிறு அதிர்ச்சிகளுக்காக அமைந்தவையே தவிர, தினமும் பலர் கைவைக்கும் கன்ட்ரோல் பேனலுக்காக அமைந்தவை அல்ல.

ஜாய்ஸ்டிக்கின் உலோகத் தண்டு மைக்ரோ சுவிட்சின் முனைகளோடு நேரடியாக இணைந்திருப்பதில்லை. இருந்தாலும் 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும் என்பதால், தண்டில் ஏறிய மின்னூட்டம் அருகிலுள்ள சுவிட்ச் முனைக்குத் தாவி, அங்கிருந்து ஒயர் வழியாக, பட்டன்களை இணைக்கும் போர்டின் ஜி.பி.ஐ.ஓ. (உள்ளீடு-வெளியீடு) பின்னுக்குள் நுழைகிறது. ஒயரிங் முடிந்த பிறகு, பேனலின்மேல் பதித்த அக்ரிலிக் தகட்டின் பாதுகாப்புப் படலத்தை ஒரே இழுப்பில் உரிப்பதும் இதே ஆபத்தைத் தரும். உரிக்கும் செயலே தகட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிடும்.

இனி பழுதைத் தேடும் வேலைக்கு வரலாம். விளையாட்டு நின்றுபோனதும் அடாப்டரை உடனே கழற்றிவிட வேண்டும். காரணம், சிப்பின் அமைப்பிலேயே மறைந்திருக்கும் தைரிஸ்டர் (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத மின்சுவிட்ச்) போன்றதொரு பாதை ஷாக்கினால் திறந்துகொண்டு, மின்சாரத்தை நேராக கிரவுண்டு எனும் பூஜ்ய வோல்ட் பொதுமுனைக்குக் கடத்தக்கூடும். மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தினால் மட்டுமே அது மூடிக்கொள்ளும், விட்டுவைத்தால் சூடேறிச் சிப்பையே எரித்துவிடும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைக்கும்போது எல்லாம் சரியாக இயங்கினால், அது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பமே. மாறாக, ஒரே ஒரு பட்டன் மட்டும் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகவோ அழுத்தினாலும் பதியாததாகவோ தெரிந்தால், போர்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த ஒயரை வேறொரு பின்னுக்கு மாற்றி, மென்பொருள் அமைப்பிலும் (செட்டிங்ஸ்) அதற்கேற்ப மாற்றிப் பார்க்க வேண்டும். பழுது ஒயரோடு நகர்ந்தால் சுவிட்சிலோ ஒயரிலோ குறை. பழைய பின்னிலேயே தங்கிவிட்டால் குறை சிப்பில்.

சிப்பில்தான் குறை என்று உறுதிசெய்ய மல்டிமீட்டரின் டையோடு சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை. அடாப்டரையும் பட்டன் ஒயர்களையும் கழற்றிய பிறகு, சிவப்பு முனையை கிரவுண்டிலும் கறுப்பு முனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்தால், நல்ல பின்களில் காப்பு டையோடு கடத்துவதால் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். சரியான எண்ணைவிட அக்கம்பக்கத்துப் பின்களோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்: பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்த டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் அது அறுந்துபோயிருக்கிறது. ஜி.பி.ஐ.ஓ. 2, 3 ஆகிய இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் மின்தடை பொருத்தப்பட்டிருப்பதால், அவற்றின் அளவீடு மாறுபடுவதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது. 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருந்தால் மட்டும், அந்தப் போர்டைக் கைவிடுவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை.

ஒரு பின் மட்டும் போயிருந்தால், அதை விட்டுவிட்டு வேறு பின்னைப் பயன்படுத்தலாம். ஆனால் காரணத்தைக் களையாமல் விட்டால் அடுத்த பின்னும் அதே வழியில் போகும். உலோகப் பேனலையும் ஜாய்ஸ்டிக்கின் அடித்தகட்டையும், ராஸ்பெரி பையின் கிரவுண்டு வழியாக அல்லாமல், தனி ஒயர் மூலம் மூன்று முனை பிளக்கின் எர்த்தோடு இணைக்க வேண்டும். ஜி.பி.ஐ.ஓ. 2, 3 நீங்கலாக, ஒவ்வொரு பட்டன் ஒயரிலும் 1 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்க்கலாம். பட்டன் அழுத்தப்படாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் வைத்திருக்கும், சிப்பின் உள்ளிருக்கும் புல்-அப் மின்தடை சுமார் 50 கிலோ ஓம் என்பதால் பட்டன் அழுத்தப்படுவதை உணர்வதில் எந்தத் தடங்கலும் நேராது. திடீர் மின்னழுத்த எழுச்சியை கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டி.வி.எஸ். டையோடு சேர்ப்போர், அதன் கிரவுண்டு ஒயரை இயன்றவரை குட்டையாக வைக்க வேண்டும். நிலைமின்சாரத்தின் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு நானோநொடியில் உச்சத்தைத் தொடுவதால், கூடுதலாக விடும் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஒயரிலும் பத்துக்கணக்கான வோல்ட் எழுந்து, டையோடு தடுக்க வேண்டிய அழுத்தத்தைச் சிப்பிடமே சேர்த்துவிடும்.