கிளாடியோலஸுக்குத் தமிழில் என்ன பேர்?

பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சியில் கிளாஸ் ஹவுஸுக்குள் நுழைந்துவிட்டால் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடும், நின்று பார்க்கவெல்லாம் முடியாது. இந்த ஜனவரியில் பக்கத்து வீட்டு மாமி மட்டும் ஓரிடத்தில் பிடிவாதமாக நின்றுவிட்டார். இடுப்பு உயரத்துக்கு ஒரே தண்டு, ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு பூக்கள், அடியில் முழுக்க விரிந்தவை, நடுவில் பாதி, நுனியில் இன்னும் பச்சை மொட்டு.

"ரிசப்ஷன் மேடையில வைப்பாங்களே, அந்தப் பூதானே? இதுக்குத் தமிழ்ல என்னடா?"

"கிளாடியோலஸ் மாமி."

"அது தமிழாடா?"

இல்லைதான். லத்தீன். அந்த மொழியில் கிளாடியுஸ் என்றால் வாள், கிளாடியோலஸ் என்றால் குட்டி வாள். ரோமாபுரி அரங்குகளில் சண்டை போட்ட கிளாடியேட்டரும் இதே வேரில் முளைத்த சொல்தான். அந்தக் கிளாடியுஸே லத்தீனின் சொந்தச் சொத்து இல்லை, கெல்டிக் மொழியிலிருந்து வாங்கிய கடன் என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கிரேக்கர்கள் இந்த வகைச் செடிகளைத் தங்கள் மொழியில் வாளைக் குறிக்கும் சிஃபோஸ் என்ற சொல்லிலிருந்து சிஃபியோன் என்றார்கள். ஆக, செடியைப் பார்த்ததும் வாள் நினைவுக்கு வந்தது ஒருத்தருக்கு மட்டும் இல்லை, ஆளாளுக்கு அவரவர் வாளை வைத்துப் பேர் வைத்திருக்கிறார்கள். நாமும் நம் வாளை எடுத்தால் தப்பில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாள் பூவில் இல்லை, இலையில் இருக்கிறது. விசிறி மாதிரி அடுக்கி, விறைப்பாக, நுனி கூராக நிற்கிற அந்த இலைதான் பேருக்குக் காரணம். இது தெரியாமல் ஆங்கிலத்தில் இருக்கும் இன்னொரு பேரை அப்படியே பெயர்த்து 'வாள் அல்லி', 'வாள் லில்லி' என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அல்லி குளத்தில் பூப்பது. லில்லி வேறு குடும்பம். இதுவோ ஐரிஸ், குங்குமப்பூ ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு தப்பை ஒரே பேரில் செய்வானேன்?

இதையெல்லாம் மாமியிடம் விளக்கிக்கொண்டு வந்தபோது அவர் சாதாரணமாகக் கேட்டார், "அப்போ வாளவரங்காய் மாதிரியா?" நான் ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். வாளவரையின் அறிவியல் பெயர் கனவாலியா கிளாடியேட்டா. அதே கிளாடியுஸ்! முழ நீளக் காயைப் பார்த்து நம்மவர்கள் வாள் என்று வைத்த பேரும், தாவரவியலாளர் லத்தீனில் வைத்த பேரும் ஒன்றேதான். வாளை வைத்துச் செடிக்குப் பேர் வைப்பது நம் அடுப்படியிலேயே இருக்கிற வழக்கம், புதிதாக யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

என் ஓட்டு வாண்மலருக்கு. வாள் + மலர். நாள் + மலர் சேர்ந்தால் நாண்மலர் ஆகிறதே, அன்று பூத்த பூ, அதே புணர்ச்சிதான். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தமிழில் வாள் என்றால் ஆயுதம் மட்டுமில்லை, ஒளி என்றும் பொருள். 'வாள் ஒளி ஆகும்' என்று தொல்காப்பியம் உரியியலில் இருக்கிறது. பழைய பாட்டுகளில் வரும் வாணுதல் ஒளி பொருந்திய நெற்றி, வாளால் வெட்டுப்பட்ட நெற்றி இல்லை. எனவே வாண்மலர் என்று சொன்னால் இலைக்கு வாளும் பூவுக்கு ஒளியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. லத்தீனில் இந்த வசதி கிடையாது. ண் போட்டு எழுத நாக்கும் கையும் தயங்கினால் வாள்மலர் என்றே எழுதுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

அப்புறம் இனங்களின் பேர்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் முதலில் இருந்தவை மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள். கோதுமை வயலில் களையாக முளைக்கும் இத்தாலிகஸ் ஒன்று. கத்தரிப்பூ நிறத்தைச் சிவப்பில் குழைத்த மாதிரி இருக்கும் பைசாந்தினஸ் இன்னொன்று, பேரில் பைசாந்தியம் (இன்றைய இஸ்தான்புல்) இருந்தாலும் அது தானாக வளர்வது ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம். பெரிய மாற்றம் 18ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்க இனங்கள் கப்பலேறி வந்த பிறகுதான். அதில் டிரிஸ்டிஸ் என்றால் துயரம். நிறம் மங்கல் என்பதால் தாவரவியலாளர் லின்னேயஸ் அப்படி வைத்துவிட்டார், ராத்திரி ஆனால் அது மணக்கிற மணத்துக்கு அந்தப் பேர் அநியாயம். கார்டினாலிஸ் என்பது கத்தோலிக்கக் கார்டினல்கள் உடுத்தும் சிவப்பு. இந்தத் துயரத்தையும் சிவப்பையும் சேர்த்து 1823இல் லண்டன் செல்சியில் கொல்வில் என்பவரின் நாற்றுப்பண்ணையில் ஒரு கலப்பினம் வந்தது, கொல்வில்லி என்று அவர் பேரிலேயே.

இன்றைய மேடைப்பூவின் மூதாதை கந்தவென்சிஸ். பெல்ஜியத்தில் ஆங்கியன் கோட்டைத் தோட்டக்காரர் பெடிங்ஹவுஸ் உண்டாக்கியது, 1841இல் கென்ட் நகரத்து வான் ஹூட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கென்ட்டின் லத்தீன் பேர் 'கந்தாவும்' (Gandavum), அதிலிருந்துதான் கந்தவென்சிஸ். நமக்கோ கந்தம் என்றதும் வாசனை ஞாபகம் வரும், முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வேடிக்கை என்னவென்றால் இந்தச் செடியில் கந்தம் நிஜமாகவே உண்டு, மண்ணுக்கு அடியில். சேப்பங்கிழங்கு மாதிரி உருண்டு தடித்த நிலத்தடித் தண்டைத் தமிழ்ப் பாடநூல்கள் கந்தம் என்றுதான் சொல்கின்றன. வெங்காயம் போல உரித்தால் அடுக்கடுக்காக வராது, அதனால் இதைக் குமிழம் என்று எழுதுவது பிழை. ஒவ்வொரு பருவமும் பழைய கந்தம் சுருங்கி, அதன் தலைமேல் புதியது ஒன்று உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பட்டாணி அளவில் குட்டிகள்.

நம்மூர் ரகங்களுக்குப் பேர்ச் சிக்கலே இல்லை. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவற்றுக்கு மீரா, சப்னா, நஸ்ரானா, ஷோபா என்று வீட்டுப் பெண்கள் மாதிரிப் பேர். மீரா வெள்ளை. ஷோபா, வைல்ட் ரோஸ் என்ற வெளிநாட்டு ரகத்தில் காமா கதிர் பாய்ச்சிக் கிடைத்தது.

கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் கே.ஆர். மார்க்கெட்டில், தண்ணி வாளியில் நிமிர்த்தி வைத்திருந்த கட்டுகளைக் காட்டி, படுக்க வைத்தால் இன்னும் நிறைய அடுக்கலாமே என்று பூக்காரரிடம் கேட்டேன். "படுக்கப் போட்டா நுனி மேல வளைஞ்சுக்கும் சார், அப்புறம் டெக்கரேஷன்காரன் எடுக்க மாட்டான்" என்றார் தமிழில். சரி, இதுதான் சமயம் என்று "இதுக்கு வாண்மலர்னு பேரு" என்று ஆரம்பித்தேன்.

"எந்த மலரா இருந்தா என்ன சார், வெள்ளையா சிவப்பா?"

வெள்ளை ஒரு கட்டு வாங்கி வந்தேன்.