ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, அதனால் மலை ஏறலாமா?

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது மலையேற்றத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருபவர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக வந்தவர் கொருக்குப்பேட்டைக்காரர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து மீண்டவர். ஏழைக் குழந்தைகளின் கேன்சர் சிகிச்சைக்கு நிதி திரட்டும் குழுவோடு உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போகிறார். உயரம் சுமார் 3,800 மீட்டர். நன்கொடை சேர்ந்துவிட்டது, ரயில் டிக்கெட்டும் கையில் இருக்கிறது.

"ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது டாக்டரம்மா, ஒரு கையெழுத்து மட்டும் போதும்" என்றார்.

"இதயத்துக்கு எக்கோ பரிசோதனை கடைசியாக எப்போதம்மா எடுத்தீர்கள்?"

"அதுதான் ஸ்கேனே எடுத்தாயிற்றே!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் ஸ்கேன் என்று சொல்வது பெட் ஸ்கேனையோ சி.டி. ஸ்கேனையோ. அது கட்டியைத் தேடுகிறது. தேடியது கிடைக்காவிட்டால் இல்லை என்று அறிக்கை வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அந்த ஸ்கேனிடம் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குள் திருடன் இல்லை என்று போலீஸ் எழுதிக்கொடுத்த தாளைக் காட்டி, கூரை ஒழுகாது என்று வாதிடுவீர்களா? நோய் போய்விட்டதா என்பது ஒரு கேள்வி. அதை விரட்டக் கொடுத்த மருந்துகள் உடம்பில் எதை விட்டுச் சென்றன என்பது வேறு கேள்வி. முடி வளர்ந்துவிட்டது, எடை கூடிவிட்டது, வீட்டு வேலை எல்லாம் நானே செய்கிறேன் என்பவையும் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது.

நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று பயப்படும் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. அதன் மொத்த அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமை எட்டியவர்கள் அதிக ஆபத்துள்ளவர்கள். பாதிப்பு சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். காசிமேட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வரும்போது ஒன்றும் தெரியாது. மூட்டையோடு பனியில் ஏறும்போது தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசி போட்டவர்களும், இடது மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களும் எக்கோ எடுக்காமல் மலைப் பக்கம் போகவே வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு எக்கோ சரியாகவே வந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 8.9தான், ரத்தசோகை. ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு அந்த ரத்தத்தோடு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். இரும்புச்சத்து மருந்து ஆரம்பித்திருக்கிறார். அடுத்த பருவத்தில் போவார்.

இதைப் படித்துவிட்டு, "கேன்சர் வந்தவள் வாளிகூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லும் மாமியார்களும் மைத்துனர்களும் குதிக்க வேண்டாம். நான் சொல்வது அதுவல்ல. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைந்திருந்தன. நடக்கட்டும், எடை தூக்கட்டும், மலையும் ஏறட்டும். தயாராகிவிட்டு ஏறட்டும்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள், கை வீங்காமலிருக்க அந்தக் கையில் அழுத்த உறையை மாட்டிக்கொள்ளுங்கள். முதுகுப் பையின் பட்டை அந்தத் தோளை அழுத்தக் கூடாது. பாக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்து போட்டுக் கால் மரத்துப்போனவர்களுக்கு ஷூவுக்குள் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் இரவில் காலைக் கண்ணால் பாருங்கள். எலும்பை மெலியவைக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுபவர்கள் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்ளுங்கள். டமாக்சிஃபென் மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். நீண்ட ரயில் பயணத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் என்ற கீமோ மருந்து போட்டவர்கள் நுரையீரல் பரிசோதனை செய்துகொண்டு, அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மலையில் ஆக்சிஜன் தேவைப்பட்டால், கொடுப்பவர் அளவு பார்த்துக் கொடுக்க அது உதவும்.

பயிற்சிக்கு இங்கே மலை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையம் பூமிக்கு அடியில்தான் இருக்கிறது; மின்படிக்கட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். பிறகு திருத்தணியின் 365 படிகள், அதற்குப் பிறகு அலிபிரி வழியாகத் திருமலை. மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் புகைநெடி அடிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது நன்கொடைதான். பெயர் போட்ட பேனர், வாட்ஸ்அப்பில் வாழ்த்து, தெருவே கொடுத்த பணம். இத்தனையும் முதுகில் இருக்கும்போது தலைவலியையும் குமட்டலையும் யார் வெளியே சொல்வார்கள்? 2,500 மீட்டருக்கு மேல் அவை மலைநோயின் அடையாளங்கள். அறிகுறியோடு மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே இறங்க வேண்டும். எனவே பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: பணம் குழந்தைகளின் சிகிச்சைக்கு, பாதி வழியில் திரும்பினாலும் அவர்களுக்கே போய்ச் சேரும். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னதாக வாருங்கள். எந்தக் கீமோ மருந்து, எவ்வளவு அளவு, கதிர்வீச்சு எந்தப் பக்கம் என்பதெல்லாம் எழுதியிருக்கும் பழைய கோப்பையும் கொண்டுவாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோப்பு நனைந்து போய்விட்டது என்பவர்கள், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நகல் கேளுங்கள். அது கைக்கு வரவே சில வாரம் ஆகலாம். மூன்று மாதம் என்று நான் கறாராகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.