ஆறுமணிக் குருவி ஏன் நம் விறாந்தையில் விழுகிறது?

ஐப்பசி மழைக்கு வானம் இருட்டிக் கிடக்கும் நாட்களில், திருகோணமலையில் விடிந்ததும் சில வீடுகளில் ஒரே பரபரப்பாக இருக்கும். விறாந்தை மூலையிலோ யன்னல் கண்ணாடிக்குக் கீழேயோ ஒரு குருவி ஒடுங்கிக் கிடக்கும். பச்சை முதுகு, செட்டையில் நீலம், கண்ணை ஒட்டிக் கருங்கோடு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்னும்படி ஒரு வால். யாரோ வளர்த்த கூட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்பார்கள் அயலவர்கள். இல்லை, அது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம்மிடம் வந்திருக்கிறது.

இந்தப் பயணம் இரவில் நடக்கிறது. இரவுக் காற்று குளிர்ந்தது, அலைக்கழிக்காதது. பருந்துகளின் தொல்லையும் இல்லை. பகலில் இறங்கி இரை தேடலாம். இருட்டில் வழி தெரிவது எப்படி என்பதுதான் வியப்பு.

இரவில் வலசை போகும் சிறு பறவைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திசைகாட்டிகள் உண்டு. ஒன்று பூமியின் காந்தப்புலம். ஜெர்மனியில் வில்ச்கோ தம்பதியர் ராபின் பறவைகளை வைத்துச் செய்த சோதனைகளை 1972இல் வெளியிட்டார்கள். பறவை வடமுனை எது, தென்முனை எது என்று பார்ப்பதில்லை. காந்தக்கோடுகள் தரையோடு சாயும் கோணத்தைக்கொண்டு துருவப் பக்கத்தை அறிகிறது. கோடுகள் கிடையாகப் படுத்துவிட்டால் தடுமாறிப்போகிறது.

அப்படிக் கோடுகள் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நம் ஊருக்கு மிக அருகில்தான் செல்கிறது. 1963இல் முதல் ரொக்கெட்டை ஏவிய தளத்துக்கு இந்தியா கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததே அந்தக் கோட்டுக்காகத்தான். தும்பாவும் திருகோணமலையும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. ஆகவே இங்கே வந்து சேரும் பறவைக்குக் காந்தம் சொல்லும் சேதி மங்கலாகத்தான் இருக்கும். வானத்தின் துணை அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்று நான் எண்ணுகிறேன்.

வானத்தைப் பறவைகள் படிக்கும் விதத்தை 1960களில் அமெரிக்கரான ஸ்டீபன் எம்லன் கோளரங்கத்துக்குள் சோதித்தார். இரவு முழுவதும் வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ, அந்தப் புள்ளியை வைத்து அவை வடக்கைக் கண்டுகொள்கின்றன. நம் கடற்கரையில் வடக்கே பார்த்து நின்று கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடியுங்கள். அடிவானிலிருந்து அந்த முட்டியின் உயரம்கூட இல்லை, அந்தச் சுழலும் புள்ளியை ஒட்டி நிற்கும் துருவ நட்சத்திரம். மழைமுகில் வந்தால் முதலில் மறைவது அதுதான்.

முகிலுக்குக் கீழே தாழப் பறக்கும் பறவைக்கு அப்போது எதிர்ப்படுவது நகரத்தின் வெளிச்சம். மேல்நோக்கிய ஒளிவீச்சு விளக்குகளின் வட்டத்துக்குள் சிக்கிய பறவை வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றிக் களைக்கிறது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் நினைவாக நியூயோர்க்கில் ஏற்றப்படும் ஒளித்தூண்களை ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகள் கவனித்த ஆய்வு, ஏறக்குறைய 11 இலட்சம் பறவைகள் அவற்றால் பாதிக்கப்பட்டதாக 2017இல் கணக்கிட்டது. விளக்கை அணைத்தபோதெல்லாம் கூட்டம் சில நிமிடங்களில் கலைந்து வழியே போனது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தக் கண்டுபிடிப்புத்தான். பிளாஸ்டிக் கடலில் நூற்றாண்டுகள் கிடக்கும். வெளிச்சம் ஒரு சுவிட்சோடு தீர்ந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இரவு பத்து மணிக்குப் பிறகு மாடி விளக்கையும் பெயர்ப்பலகை விளக்கையும் அணைக்க நம் கடைத்தெருவும் விடுதிகளும் முன்வர வேண்டும்.

விழுந்த குருவியைக் கையில் வைத்துக் கொஞ்சாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட சப்பாத்துப் பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் தேறிவிட்டால் காகமும் பூனையும் இல்லாத மரநிழலில் விடலாம். செட்டை தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பிழைத்த குருவிக்கு அடுத்த தேவை சருகு. சருகைக் கிளறி மண்புழுவும் பூச்சியும் தின்றுதான் அது பங்குனி சித்திரை வரை வாழ்கிறது. திரும்பிப் போவதற்கான கொழுப்பையும் அதில்தான் சேர்க்கிறது. காலையில் வளவைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவது நமக்குப் பழகிய சுத்தம். மாமரத்தடியில் பாய் அகலத்துக்காவது அதை விட்டுவையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரு கொப்பிதான். புரட்டாசி பிறந்ததும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் முற்றத்தில் நின்று காது கொடுங்கள். இரண்டு சுரத்தில் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை முதல்முறை கேட்கும் நாளைக் குறித்துவையுங்கள். உவர்மலையில் ஒரு பிள்ளை, உப்புவெளியில் ஒரு பிள்ளை, நிலாவெளியில் ஒரு பிள்ளை. அடுத்த ஆண்டும் அதே பக்கத்தைத் திறந்து, புதிய தேதியைப் பழையதற்குக் கீழே எழுதுங்கள்.